85-ஐ அழுத்தினால் 90

ஜூன் 3, திங்கள்
தமீமின் பனியன் கம்பெனிக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதித் தருவதுதான் ஓய்வுபெற்றபின் என் காலை வேலை. இன்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். 85 அளவுப் பெட்டிகளில் 90-இன் ஸ்டிக்கர் போயிருக்கிறது. "பேக்கிங்ல அஜீஸுன்னிசா மாத்தி அழுத்திருச்சுங்க டீச்சர்" என்றார் வேல்குமார். ஸ்டிக்கர் அச்சடிக்கும் வெப் பக்கத்தை எழுதியவர் அவர்தான். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 4
அஜீஸுன்னிசாவை நிறுத்திவிட்டார்கள்.
"எண்பத்தஞ்சுதானுங்க அழுத்துனேன். ஸ்டிக்கர்ல வெறும் கோடு கோடா இருக்குது. அதுல நான் என்னத்தைங்க படிக்கறது?"
வேல்குமார் சிரித்தார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாங்க?"
இருபது வருடம் கணினிப் பாடம் நடத்தியவளை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு! கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கினால் அறிவு வந்துவிடுமா?

ஜூன் 5
அந்த ஸ்டிக்கர் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் திறந்து பார்த்தேன். பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு ஸ்விட்ச். ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கேஸ், முடிவில் 'இதோடு நில்' என்று சொல்ல ஒரு பிரேக். 85-க்கு மட்டும் பிரேக் இல்லை. ஒரு பாத்திக்குத் தண்ணீர் விட்டு மடையை அடைக்காவிட்டால்? அடுத்த பாத்திக்கும் பாயும். இதுவும் 85 என்று குறித்துக்கொண்டு, நிற்காமல் கீழே இறங்கி, அதன் மேலேயே 90 என்று குறிக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் இதற்கு இரண்டு மார்க் குறைப்பேன். இங்கே ஒருத்தியின் வேலை போயிருக்கிறது.

ஜூன் 6
தமீம் முன்னால் கேட்டேன். "சோதித்துப் பார்த்தீர்களா?"
"பாத்தனுங்களே! தொண்ணூறு போட்டேன், கரெக்டா வந்துச்சு."
"ஏன் தொண்ணூறு?"
"அதுதானுங்க என்ற பனியன் சைஸு."
அட மகராசா! இவர் உடம்பைத் தவிர ஊரில் வேறு உடம்பே இல்லை போல. "புரோகிராம்ல ஒரு சின்னப் பிழை, சின்ன 'பக்'குதானுங்க டீச்சர்" என்று வேறு. சின்னதாமே! யாருக்குடா சின்னது?

ஜூன் 7
அஜீஸுன்னிசாவைத் திரும்பக் கூப்பிடத் தமீம் ஆள் அனுப்பியிருக்கிறார்.

ஜூன் 8, சனி
வந்தாள். உட்காரவில்லை.
"வேலைக்கு வாரனுங்க. என்னையப் பத்தி வெளிநாட்டுக்கு என்ன எழுதுனீங்கன்னு மொதல்ல தமிழ்ல சொல்லுங்க."
வேல்குமார் போனைப் பார்த்தார். தமீம் என்னைப் பார்த்தார். வரிவரியாகச் சொன்னேன், 'ஊழியரின் கவனக்குறைவு' என்ற வரியையும்.
"ஆருங்க எழுதுனது?"
"நான்தான்."
"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களே."
"இல்லை."
"இங்கிலீசுல தப்பு ஒண்ணும் இல்லீங்களே, டீச்சர்?"
இல்லை என்றேன்.
துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு பேக்கிங் மேசைக்குப் போனாள்.