என் மூளையின் படம்

ஏனுங்க,

போனில் உங்கள் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று பர்லியாரில் மண் சரிந்ததால், பக்கத்து வீட்டு வேலுசாமி அண்ணனால் குன்னூரிலிருந்து கோவைக்கு ஸ்கேனுக்கு வர முடியவில்லை. எங்கள் ஆராய்ச்சியில் நோயாளிகளின் படங்களோடு ஒப்பிட, அவரைப் போல மறதி நோய் இல்லாத ஒருவருடைய மூளைப் படம் தேவைப்பட்டது. ஊசி மருந்தோ சில மணி நேரத்தில் வீணாகிவிடும். நானே படுத்துக்கொண்டேன்.

மூளையில் நோய்ப் படிவு இருந்தால் அந்த மருந்து அதில் ஒட்டிக்கொண்டு ஒளிரும். இருபது வருடமாக என் வேலையே அதைப் பார்ப்பதுதான்.

உதவியாளர் சுஜித் படத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், ஆளு மாறிப்போச்சுங்களா? இது நோயாளி படமாட்ட இருக்குதுங்க" என்றான்.

"மாறலைப்பா. நாந்தான்."

அவன் முகம் வெளிறிவிட்டது. "அழிச்சிரட்டுங்களா?"

"வேண்டாம்" என்றேன். நோயில்லாதவர்களின் வரிசையிலிருந்து அதை எடுத்து, நானே மற்ற வரிசையில் சேர்த்தேன்.

படிவு இருந்தாலும் மறதி வர வருடங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். எத்தனையோ பேருக்கு இந்த ஆறுதலைச் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு சின்னது என்று நேற்றுதான் தெரிந்தது.

அதற்குள் பாதை சரியாகிவிடும் என்கிறார்கள், சனிக்கிழமை குன்னூருக்கு வருகிறேன். மகளிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களவள்