சக்கரத்தைச் சுற்றி ஒரு கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மெஷினும் நலம். அப்பாவுக்கு முதுகு, எனக்கு முழங்கால், மெஷினுக்கு பெல்ட் என்று ஆளுக்கொரு வலி இருக்கிறது, ஆனாலும் மூவரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம். நீயும் அங்கே அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்து முடித்துவிட்டால் மற்றதை எழுதச் சௌகரியம். போன மாதம் உன் மாமா வேலை பார்த்த அந்தத் தொழிற்சாலை ஆபீசுக்குப் போனேன் இல்லையா, அங்கே எல்லாம் பேசிவிட்டேன் என்று போனில் உன்னிடம் பெருமையடித்தேனே, அது பொய். நான் போனபோது வலது காலில் என் செருப்பு, இடது காலில் உன் அப்பாவின் செருப்பு. பளபளவென்ற தரை போட்ட ஏசி அறையில் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, முட்டையில் உட்கார்ந்த கோழி மாதிரி நகராமல் இருந்தேன். பாய்லர் தீயில் போனவர்களுக்கு வாசலில் ஒரு பித்தளை நினைவுத் தகடு வைக்கப் போகிறார்களாம், எழுத்து வெட்டுகிற வேலைக்கு நம் கடையைக் கூப்பிட்டிருந்தார்கள். செத்துப் போனவர்களில் ஒருவன் எனக்குத் தம்பி என்பது அவர்களுக்குத் தெரியாது. மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். அந்த மனிதர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இருமுவார், நான் இருமல் மேனேஜர் என்றே பெயர் வைத்துவிட்டேன். காகிதத்தில் நான்கு பெயர். நான்கு தடவை படித்தேன். என் தம்பி பெயர் இல்லை. அஞ்சு பேர்னு கேள்விப்பட்டேனே சார் என்று எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். அஞ்சாவது ஆள் நம்ம ஆள் இல்லைம்மா, காண்ட்ராக்ட் ஆளு, போடணும்னா காண்ட்ராக்டர்தான் போடணும் என்று இருமினார். பாய்லர் வெடித்தபோது அது யாருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்க்கவில்லை, அதை அன்றைக்கே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும், அவன் என்கூடப் பிறந்தவன் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்தால் செருப்பு தெரியும். இதுநாள்வரை செருப்பின் மேலேயே பழியைப் போட்டுவந்தேன், உனக்கு எழுதும்போது அப்படி எழுதக் கை வரவில்லை. பயம்தான்டி. செருப்பு ஜோடியாக இருந்திருந்தாலும் உட்கார்ந்தேதான் இருந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் மாமாவைப் பறிகொடுத்த உன் அத்தை தவித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் இப்போது அட்டைப் பெட்டி மடிக்கிற இடத்தில் வேலைக்குப் போகிறாள், தினம் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தகடு விஷயம் எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. அவர் பேரு வருதா அண்ணி என்று அதை மட்டும்தான் கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டுத் தையல்காரி ஜன்னல் வழியாகவே, அக்காவே தகடு அடிக்கிறாங்களாம், தம்பி பேருதான் காணோமாம் என்று ஊசியில் நூல் கோக்கிற மாதிரி மெதுவாகக் கோத்துவிட்டாள். அவள் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் எரிந்தது.

வேலையை மறுத்துவிடலாம் என்று உன் அப்பா சொன்னார். மறுத்தால் வேறு கடை செய்யும், அதிலும் நான்கு பெயர்தான் இருக்கும். எடுத்துக்கொண்டேன். கம்பெனி சின்னத்தை அனுப்பச் சொன்னால் லெட்டர்பேடை போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள், ஓரத்தில் யாரோ ஒருவர் கட்டைவிரல். பல் வைத்த சக்கரம், நடுவில் இரண்டு இலையோடு ஒரு செடி, வெளியே சுற்றி மெல்லிசாய் ஒரு வட்டம். மெஷினுக்குப் படம் புரியாது, கோடு போட்டுக் காட்டினால்தான் வெட்டுகிற ஊசி அதன் மேல் போகும் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். கம்ப்யூட்டரையே கோடாக மாற்றச் சொன்னேன், எலி கடித்த சப்பாத்தி மாதிரி ஒரு சக்கரத்தைக் கொடுத்தது, கோடு நெடுக ஆயிரம் புள்ளி, ஊசி ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நடுங்கும். அழித்துவிட்டு நானே வரைந்தேன். ஒரு பல்லை வரைந்து இருபத்து நான்காகச் சுற்றினேன். இலையில் ஒரு முனை மூடாமல் இருந்தது, மூடாவிட்டால் எது உள்ளே எது வெளியே என்று மெஷினுக்குத் தெரியாது. செடியின் தண்டில் ஒரு கோட்டின் மேலேயே இன்னொரு கோடு உட்கார்ந்திருந்தது, விட்டிருந்தால் அதே இடத்தை இரண்டு தடவை வெட்டிப் பள்ளம் பண்ணியிருக்கும். சின்னம் உள்ளங்கை அகலம் இருக்கணும், பேரெல்லாம் கீழே சின்னதா போதும் என்பது இருமல் மேனேஜரின் உத்தரவு. அழுகிறவர்களுக்கும் விளம்பரம் வேண்டியிருக்கிறது பார்.

கடைசியில் அந்த வெளிவட்டம் மட்டும் பாக்கி. ஒரே ஒரு கோடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உன் மாமாவின் பெயரை எழுதினேன். ஒரு மில்லிமீட்டர்கூட உயரம் இல்லாத எழுத்து, வட்டம் முழுக்க நாற்பத்தொரு தடவை, இடைவெளியே விடாமல். இரண்டடி தள்ளி நின்றால் வெறும் கோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், நான் ஒரு முழு ஆளைக் கோட்டில் மறைத்தேன். காகிதத்தில் அடித்து மேனேஜரிடம் காட்டினேன், இந்த முறை இரண்டு செருப்பும் என்னுடையது. வட்டம் நல்லா ஷார்ப்பா இருக்கு என்று கையெழுத்துப் போட்டார்.

மாட்டிக்கொண்டது உன் அப்பாவிடம்தான். வெட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று மெஷின் முதலிலேயே காட்டுமே, அதைப் பார்த்துவிட்டு, ஒரு வட்டம் சுத்த எதுக்கு ஐம்பத்து மூணு நிமிஷம் என்று கேட்டார். அவரே திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், படித்தார். உன் அப்பா கல்லுளிமங்கன் என்பது உலகறிந்த விஷயம், அன்றைக்குக் கல் கொஞ்சம் அசைந்தது. தெரிஞ்சா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான் என்றார். மூடிக்கலாம் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெஷின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முழு நேரமும் மெஷின் பக்கத்திலேயே நின்றார். அதற்குள் கம்பெனி டிரைவர் வாசலில் ஹார்ன் அடித்து உயிரை எடுத்தான், நான் அவனுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் உள்ளே வரும்போது பள்ளமெல்லாம் கறுப்புப் பெயிண்ட் நிரப்பி மேலே வார்னிஷும் பூசியாகிவிட்டது. எழுத்தெல்லாம் விழுந்துச்சா என்றேன். ம் என்றார். லென்ஸ் வைத்துப் பார்க்க நேரமில்லை, துணியில் சுற்றிக் கொண்டு போய்விட்டான்.

தகடு திறந்த அன்று அத்தையைக் கூப்பிடவில்லை. மறுநாள் நானே அவளை அழைத்துப் போய்க் காட்டினேன். எதுவும் தெரியலையே அண்ணி என்றாள். தெரியக் கூடாதுன்னுதான் போட்டது, வட்டத்தைத் தொட்டுப் பாரு என்றேன். தொட்டாள். விரலை எடுக்காமல் முழுச் சுற்றும் சுற்றி வந்தாள். அவள் அழவில்லை, எனக்குத்தான் மூக்கு ஒழுகி மானம் போயிற்று. இப்போது தினம் வேலைக்குப் போகும்போது ஒரு சுற்றுத் தடவிவிட்டுப் போகிறாளாம். காவலாளி என்னம்மா என்று கேட்டதற்குத் தூசி என்றிருக்கிறாள். பையனிடமும் சொல்லிவிட்டாள், உங்க அப்பா பேரு நாற்பத்தொரு தடவை இருக்கு, மத்தவங்களுக்கு ஒரு தடவைதான் என்று. இரண்டு நாளாக அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானாம்.

உனக்கு ஒன்றே ஒன்று. உன் கழுத்தில் தொங்குகிற அட்டையைத் திருப்பிப் பார், அதில் நீ வேலை செய்கிற கம்பெனியின் பெயர் இருக்கிறதா, உன்னை அனுப்பிவைத்த ஏஜென்சியின் பெயர் இருக்கிறதா என்று. பார்த்து எனக்கு எழுது, மறக்காதே. வெறும் காலோடு ஈரத்தரையில் நிற்காதே. எந்த நெருப்பும் உன் பக்கம் வராமல் நீ நூறு வயது இரு என்று நானும் அப்பாவும் நினைத்துக்கொண்டே இருக்கிறோம்.

உன் மேல் உயிராக இருக்கும்,
அம்மா

உறையை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை மெஷினைத் துடைக்கும்போது அதில் மாட்டியிருந்த ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். முனை ஒடிந்திருக்கிறது. அந்த வட்டத்துக்கென்றே மாட்டிய புது ஊசி அது, வேறு எதையும் வெட்டியதில்லை. எத்தனையாவது பெயரில் ஒடிந்தது என்று உன் அப்பாவுக்குத்தான் தெரியும்.