படம் எடுத்தவர் பெயர்

அக்கா,

இன்று காலை கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஏரிப் படம் வந்தது. 'நம்ம ஏரி நிரம்பிடுச்சு' என்று கீழே ஒரு வரி. எந்த ஏரி, யார் எடுத்தது, எப்போது எடுத்தது, ஒன்றும் இல்லை. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஏரிகளைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உங்கள் டி.டி.பி. கடையில்தான் கொடுத்திருந்தேன். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தது. அந்த ஊர் ஏரியின் உடைந்த மதகு என்று எனக்கு வந்த படம்தான் மூன்றாம் இயலுக்கே உயிர். படங்களின் பட்டியலில் அதற்கு நேராக 'நன்றி: இணையம்' என்று எழுதியிருந்தேன். நீங்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டீர்கள்.

"இணையம்னு யாராச்சும் கேமரா தூக்கினு போனாங்களா மேடம்?"

"எல்லாரும் அப்படித்தான் போடுறாங்கக்கா."

"எங்க வீட்டுக்காரர் எடுத்த கார்த்திகை தீபப் படம் ஊரெல்லாம் சுத்துது. ஒண்ணுல கூட அவர் பேரு இல்ல. ஆள் போயி சேந்துட்டாரு, படம் மட்டும் சுத்துது."

எனக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். ஆனால் மறுநாள், அந்தப் படத்தை எனக்கு அனுப்பியவரை அழைத்தேன். அவர் இன்னொருவரைச் சொன்னார், அவர் வேறொருவரை. நான்காவதாகக் கிடைத்தவர் கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டும் ஏழுமலை. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

"நான் எடுத்ததுதாங்க. ஆனா இது நம்ம ஏரி இல்ல. நெல்லு ஏத்தினு போனப்ப வேற ஊர்ல எடுத்தேன். நம்ம மதகு நல்லாத்தான் இருக்கு, வாங்க காட்டுறேன்."

கூட்டிப் போய்க் காட்டினார். மதகு முழுசாக நின்றது. வயலுக்குப் போகும் கால்வாய்தான் தூர்ந்து கிடந்தது. வயலுக்குத் தண்ணீர் வராததற்கு நான் எழுதியிருந்த காரணமே தவறு.

உங்களிடம் வந்து சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. "பிரிண்ட் ஆகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே" என்று டீ வரவழைத்தீர்கள். அவகாசம் கேட்டு வாங்கி, அந்த இயலைப் புதிதாக எழுதினேன். ஏழுமலையின் படத்தை வேற்றூர் ஏரி என்று ஒப்பிட்டுக் காட்ட மட்டும் வைத்துக்கொண்டேன். ஊர், எடுத்த மாதம், அவர் பெயர், 'அனுமதியுடன்' என்ற சொல், எல்லாம் அதன் கீழே வந்தன. வாய்மொழித் தேர்வன்று அவர் சலவைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் பெயர் இருந்த பக்கத்தை வெகுநேரம் மூடவே இல்லை.

இப்போது என்னிடம் நான்கு பேர் ஆய்வு செய்கிறார்கள். படத்தை ஒட்டுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள் என்பேன். சலித்துக்கொள்வார்கள், ஆனாலும் தேடுகிறார்கள். பழைய பாசன வரைபடம் ஒன்றோடு மாதக்கணக்கில் அலைந்த மாணவி இன்று மதியம் ஓடி வந்தாள். "வரைஞ்சவர் யாருன்னு தெரிஞ்சுடுச்சு மேடம். அவர் பொண்ணு வேங்கிக்கால்ல இருக்காங்களாம். சாயங்காலம் போறேன்."

நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அக்கா.