நீலக் கோட்டுக்குள் எங்கள் தெரு

நவம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். செருப்பு வார் அறுந்தது. ஊக்கு மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

படிக்க வேண்டியவை: குடியிருப்பு வகை, மக்களடர்த்தி, இடப்பெயர்வு. வெள்ளிக்கிழமை புவியியல் தேர்வு.

எதுவும் ஏறவில்லை. அம்மா, அப்பா, தங்கச்சி மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் அம்மாவின் போன் வெளிச்சத்தில் நான். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்கள். எங்கேயாவது எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

சாயங்காலம் தெருவில் கூட்டம். சர்வேயர் வந்திருந்தார். கூட இரண்டு பேர், அளக்கிற டேப், சிவப்புப் பெயிண்ட் டப்பா. வீட்டுக்கு வீடு கதவோரம் எண் எழுதினார்கள். எங்களுக்கு 17. கண்மாய்க்குள் வீடு கட்டியிருக்கிறோமாம். மொத்தத் தெருவையும் இடிக்கப் போகிறார்களாம். அடுத்த செவ்வாய் பத்து மணிக்குப் பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். ஊருக்கு வெளியே ரொம்ப தூரத்தில் மாடிக் கட்டடத்தில் இடம் தருவார்களாம், தந்தால்.

அப்பா கொத்தனார். எங்கள் வீட்டுச் சுவரைக் கட்டியதும் அவர்தான். சர்வேயர் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "எவனோ மெனக்கெட்டு வரஞ்சிருக்கான்ப்பா. நம்ம வேப்பமரத்தக்கூட விடல. மரத்துல ஊஞ்சல் வேற போட்டிருக்கான்."

நானும் எட்டிப் பார்த்தேன்.

அந்த ஊஞ்சலை வரைந்தது நான்.

நவம்பர் 10, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். டிபன் பாக்ஸ் சோற்றை அப்படியே கொண்டுவந்து நாய்க்குப் போட்டேன்.

முழுவதையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

ஆடி மாதம் புராஜெக்ட் கொடுத்தார்கள். தலைப்பு: உன் குடியிருப்பின் நிலப்பயன்பாட்டு வரைபடம். மிஸ் வகுப்பில் சொன்னது: ஓர் ஊர் எந்த நிலத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அது அதன் தலம். சுற்றி என்ன இருக்கிறதோ அது சூழலமைவு. கீழக்குயில்குடி மலைக்கு எங்களைக் கூட்டிப்போய், சமணப் படுக்கையைக் காட்டி, மழை படாத பாறை, பக்கத்தில் சுனை, எப்படித் தலம் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள் என்றார். எங்கள் தெருவின் தலம் என்ன என்று எனக்கும் ஆசை வந்தது.

கோவில் கூழை வீட்டுக்கு வீடு கொடுத்துவரும் வேலை எனக்கு. கையில் நோட்டு இல்லை. தூக்குவாளி மட்டும். போகிற வீட்டில் எல்லாம் கேட்டேன், சில வருடம் முன்பு பெய்த அந்தப் பெரிய மழையில் தண்ணீர் எம்புட்டு வந்துச்சு என்று. எல்லோரும் விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா: "இந்தா, என் இடுப்பு மட்டும். ஆட்டுக்கல்லு மெதந்துச்சுடி!"

"ஆட்டுக்கல்லு மெதக்குமாக்கா?"

"அன்னைக்கு மெதந்துச்சு."

எங்கள் வீட்டில் கேட்கவே வேண்டாம். தண்ணீர் நின்ற உயரத்தில் அம்மா அன்றைக்கே ஓர் ஆணி அடித்துவைத்தாள். காலண்டர் அதில்தான் தொங்குகிறது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி வைத்தேன். தெருக்கோடியில் ரைஸ் மில் காம்பவுண்டுச் சுவர் வரை தண்ணீர் வந்த தடம். நீலப் பென்சிலால் வெளிவரம்பைச் சேர்த்தேன். முப்பத்தியொரு வீடும் கோட்டுக்குள். அழகாக இருந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது.

பள்ளிக் கண்காட்சியில் மிஸ் அதை நடுவில் மாட்டினார். பார்க்க வந்த ஓர் அதிகாரி போனில் படம் எடுத்தார். மூலையில் இருந்த என் பெயர் படத்தில் விழவில்லை போலிருக்கிறது. அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இன்று மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றேன். அவரே முந்திக்கொண்டார். "ஒன் மேப்ப வச்சுத்தான் அங்க அளக்குறாங்களாம்டி! பிளஸ் டூ புள்ள வரஞ்சதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க." கண்ணெல்லாம் சிரிப்பு. அந்தக் கோட்டுக்குள்தான் என் வீடும் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தேங்க்ஸ் மிஸ் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேங்க்ஸ் என்று சொன்னேன்.

நவம்பர் 11, புதன்

குழாயில் ஒன்று விட்டு ஒரு நாள் தண்ணீர். இன்று முறை. விடியும் முன்பே குடங்கள் வரிசையில். ஆள் வர வேண்டாம், குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் குடத்தை யாரும் தொடமாட்டார்கள். சண்டை போட்டவர்கள்கூடத் தொடமாட்டார்கள்.

இன்று பாண்டியம்மா அத்தையின் பச்சைக் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துச் சாக்கடை ஓரம் வைத்திருந்தார்கள்.

அத்தை, அப்பாவுக்குத் தங்கச்சி முறை. கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாள். தாலுகா ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் வேலை. அதனால் அவள்தான் வீட்டு விவரமெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

செல்லம் அக்கா சத்தமாக: "ஆபீஸரு வீட்டுக் குழாயில போயி பிடிச்சுக்கிறச் சொல்லு."

அத்தை விடவில்லை. "ஏண்டி, காட்டிக் கொடுக்கிறவ என் வீட்டையும் சேத்தா காட்டிக் கொடுப்பேன்? அம்புட்டுக் கிறுக்கச்சியாவா தெரியுறேன்?"

எல்லோரும் குழாயைப் பார்த்தபடி நின்றார்கள். அம்மாவும்தான். நான் எங்கள் குடத்தை நிரப்பிக்கொண்டு, அவளைத் தாண்டி வந்தேன்.

எனக்கு அடிக்குப் பயமில்லை. அப்பா அடிக்கவும் மாட்டார். "நீயாம்மா?" என்று கேட்பார். அதற்குத்தான்.

நவம்பர் 13, வெள்ளி

தேர்வு. கனமழை. ஹாலில் லைட் இரண்டு தடவை போனது.

ஒரு மதிப்பெண்: தேர்வு முதன்மைக் கொள்கை என்றால் என்ன? இயற்கை வாய்ப்புகளைத் தருகிறது, எதை எடுப்பது என்று மனிதன் தேர்ந்தெடுக்கிறான். எழுதினேன். எங்கள் தாத்தாக்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். ஊருக்குள் இடம் இல்லை, கண்மாய் ஓரம் குடிசை போட்டுக்கொள்ளுங்கள் என்று நிலத்துக்காரர் கையைக் காட்டிய இடம் இது. தேர்ந்தெடுத்தது யார்? அதை எழுதவில்லை.

ஐந்து மதிப்பெண்: இடப்பெயர்வின் தள்ளு காரணிகளை விளக்குக. வறட்சி. வெள்ளம். வேலையின்மை. போர். கட்டாய வெளியேற்றம். ஐந்தாவதை எழுதும்போது மை அப்பிவிட்டது. வரைபடம் என்று ஒரு காரணி புத்தகத்தில் இல்லை.

வரும்போது பேருந்து ஜன்னல் வழியே பார்த்தேன். மிஸ் குடியிருக்கும் காலனியும் ஒரு காலத்தில் கண்மாயாம், ஊர்ப்பெயர் பாடம் நடத்தும்போது அவரே சொல்லியிருக்கிறார். கான்கிரீட் ரோடு, மாடி வீடுகள். அங்கே எண் எழுத யாரும் போகவில்லை.

காலையிலும் அத்தையின் குடம் சாக்கடை ஓரம். இரண்டாவது தடவை. தூரத்து அடிபம்பிலிருந்து நனைந்துகொண்டே தூக்கி வந்தாள்.

கண்மாயில் தண்ணீர் கருவேல மரங்களின் பாதி வரை.

நவம்பர் 15, ஞாயிறு

தெரு முழுக்கச் சுண்ணாம்பு வாசனை.

அதிகாரி கேட்டால் தண்ணீர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்வதாக முடிவு. சுவரில் இருக்கும் பழைய தண்ணீர்த் தடத்தை எல்லாம் வெள்ளையடித்து மறைக்கிறார்கள். மழையில் சுண்ணாம்பு காயவே இல்லை. செல்லம் அக்கா வீட்டில் வெள்ளைக்குள்ளிருந்து பழுப்புக் கோடு திரும்பத் திரும்ப மேலே வருகிறது. "சனியன், போக மாட்டேங்குதே" என்று அழுதாள். செல்லம் அக்கா அழுது நான் பார்த்ததில்லை.

அம்மா காலண்டரைக் கழற்றினாள். குறட்டால் ஆணியைப் பிடுங்கினாள். ஓட்டையில் சோப்பைத் தேய்த்து அடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம். ஆடி மாதம் இந்த ஆணியைப் பற்றி நான் துருவித் துருவிக் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டதா?

"சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா சிமெண்ட் குழைத்துப் படியின் விரிசலைப் பூசினார். இடிக்கப்போகிற வீட்டின் படி.

சாகலாம் போல இருக்கிறது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அது பொய். செத்தாலும் வரைந்தது நான்தான்.

நவம்பர் 16, திங்கள்

இன்று அத்தையிடம் சொன்னேன்.

பள்ளி விட்டு நேரே அவள் வீட்டுக்கு. ரஃப் காப்பி வரைபடம் என் பைக்குள். என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்தில் ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. தாளைத் தரையில் விரித்து வைத்துவிட்டு அழுதேன்.

அத்தை குனிந்து பார்த்தாள். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அதை அணைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள்.

"என் வீடு எது?"

காட்டினேன்.

"கக்கூச விட்டுட்ட."

சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. உடனே குரல் மாறியது. "மூணு மொறையா நான் அடிபம்புல கெடக்கேன். நீ குடத்தத் தூக்கிக்கிட்டு என்னத் தாண்டிப் போற. மகராசி."

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்கத்தை."

"நான் எதுக்குச் சொல்லணும்? ஒனக்கு வாயில்லையா?" பிறகு நீலக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். மில் சுவரில் விரல் நின்றது. "ஏண்டி, இங்க ஏன் கோடு நிக்கிது?"

"அது மில்லு செவருத்தை."

"தண்ணி செவரப் பாத்துட்டு, அய்யய்யோ மொதலாளி எடம்னு திரும்பிப் போயிருச்சாக்கும்? நாங்கதான்டி அன்னைக்கு உள்ள போயி நெல்லு மூட்டைய மாடிக்கு ஏத்துனோம். ஒங்கம்மா ஒரு பக்கம் பிடிச்சா, நான் ஒரு பக்கம். நெஞ்சு மட்டும் தண்ணி. மில்லுக்குப் பின்னால பிளாட்டு போட்டிருக்கானே, அங்கயும்தான். நீ உள்ள போயிப் பாத்தியா?"

போகவில்லை. மில்லுக்குள் யார் கூழ் கொண்டுபோவார்கள்? வாட்ச்மேன் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார். நான் நுழைய முடிந்த இடம் வரைதான் தண்ணீர் வந்ததாக வரைந்திருக்கிறேன். மிஸ்ஸும் கேட்கவில்லை. சர்வேயரும் கேட்கவில்லை. கோடு எங்கே நின்றதோ அங்கேயே டேப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

அத்தை விறகுக்கரி எடுத்து, என் அழகான வரைபடத்தில், சுவரைத் தாண்டி வளைத்து ஒரு கோடு இழுத்தாள். மில், பிளாட்டு, அதற்கப்பால் இருக்கிற கல்யாண மண்டபம். எல்லாம் உள்ளே.

"எடுத்தா எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு. அம்புட்டையும் எடுக்க அவனுக்குத் தைரியம் வராது."

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மில்லை விட்டுவிட்டு எங்களை மட்டும் எடுக்க அவர்களுக்கு ஆயிரம் வழி இருக்கும். ஆனால் கோடு பாதியில் நிற்பது பொய். அது எனக்குத் தெரியும்.

இதில் ஒரு சிக்கல். மில்லுக்குள் தண்ணீர் போனதைத் தெருக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். தெருவுக்கே தண்ணீர் வரவில்லை என்று வெள்ளையடித்து வைத்திருப்பவர்கள் அதை எப்படிச் சொல்வார்கள்? அவர்களை மாற்ற வேண்டுமென்றால் இந்தத் தாளைக் காட்ட வேண்டும். தாளைக் காட்டினால் யார் வரைந்தது என்று கேட்பார்கள்.

மணி இரண்டு. புதுத் தாளில் முழுக் கோட்டையும் வரைந்துவிட்டேன். அளவை, குறிவிளக்கம், வடக்கு அம்புக்குறி எல்லாம் இருக்கிறது. இந்தத் தடவை பெயரை நடுவில், பெரிதாக எழுதினேன். கக்கூஸையும் போட்டேன்.

நவம்பர் 17, செவ்வாய்

காலை ஏழரை. பகலில் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்து கோணலாகப் போகிறது.

மழை. கண்மாய்த் தண்ணீர் தெருவின் முதல் வீட்டுப் படியில்.

ஆறு மணிக்குக் குழாயடியில் குடங்கள், குடைகள். பச்சைக் குடம் சாக்கடை ஓரம். எடுத்து வரிசையில் வைத்தேன், செல்லம் அக்காவின் குடத்துக்கு முன்னால்.

"ஏ புள்ள! யாரு குடத்த எங்க வைக்கிற?"

"அத்தை சொல்லிக் கொடுக்கலக்கா. வரஞ்சது நான்."

யாருக்கும் புரியவில்லை. தாளை விரித்தேன். நனைந்தது. வேப்பமரத்தைப் பார்த்தார்கள், ஊஞ்சலைப் பார்த்தார்கள். அப்புறம் புரிந்தது.

"கூழு ஊத்துறேன்னு வந்து வேவு பாத்தியாடி?" செல்லம் அக்கா என் தலைமுடியைப் பிடித்தாள். யாரும் தடுக்கவில்லை. பிடித்திருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தண்ணீர் வந்தது என்று சொல்ல வேண்டும். மில்லுக்குள்ளும் வந்தது, பிளாட்டுக்கும் வந்தது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்கியவர்கள் எல்லோரும் சொல்ல வேண்டும்.

அக்கா முடியை விட்டாள். "ஆட்டுக்கல்லு மெதந்ததையுமா எழுதி வச்சிருக்க?"

"இல்லக்கா."

யாரோ ஒருத்தி சிரித்தாள். மற்ற யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பச்சைக் குடத்தை யாரும் எடுக்கவும் இல்லை.

அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பயந்த கேள்வியை அவர் கேட்கவில்லை. உள்ளே போய்விட்டார். அதுதான் தாங்கவில்லை.

அம்மா கூட்டத்தில்தான் இருந்தாள். வரிசையில் முதலாவதாக நின்ற எங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் பின்னால், கடைசியில் வைத்தாள். பிறகு வீட்டுக்குள் போனாள்.

இப்போது சுத்தியல் சத்தம் கேட்கிறது. சோப்பு அடைத்த அதே ஓட்டையில் அம்மா அடிக்கிறாள். ஆணி.