யாரும் சாகாத ராக்கெட் கதை

மார்ச் 4
காலையில் சாமி கும்பிட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி. தங்கச்சி மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை பிரசவம் வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குழந்தை என்ற பேச்சையே அவள் எடுப்பதில்லை, எங்களையும் எடுக்க விடுவதில்லை. கையில் எப்போதும் ராக்கெட் கதைதான். இன்று அதை மூடி வைத்துவிட்டு அழுதாள்.

"இதுலயும் பூமி எரிஞ்சு போச்சு பெரியம்மா. எல்லாக் கதையும் இப்படித்தான். இந்த உலகத்துக்கு இன்னொரு ஆள் எதுக்கு?"

"எரியாத கதை நான் கொண்டு வரேன்டி" என்று வாயை விட்டுவிட்டேன். ராக்கெட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 5
தங்கச்சி திட்டினாள். "சாமி புத்தகம் குடுக்கா, மனசு அடங்கும். ராக்கெட்டு கீக்கெட்டுன்னு நீயுமா?"

வானத்தைப் படைத்ததும் சாமிதானே? அங்கே போய்வருகிற கதையைப் படித்தால் என்ன பாவம்? அவர் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். எங்களுக்குள் பழக்கம் உண்டு.

மார்ச் 7
நூலகம். பலகையைப் பார்த்து, "அறிவியல் பூனைக்கதை எல்லாம் இந்தப் பக்கமா சார்?" என்று கேட்டுவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குலுங்கிச் சிரித்தார்கள்.

"புனைகதைம்மா! பூனை இல்ல!" என்றார் நூலகர்.

சிரிங்க, நல்லா சிரிங்க! ஒரு சுழி கூடிப்போச்சு, அதுக்கென்ன?

"சரி, யாரும் சாகாத புனைகதை குடுங்க."

"விண்வெளின்னா அழிவுதாம்மா. நல்லா முடிஞ்சா அது சின்னப்பிள்ளைங்க கதை."

யார் போட்ட சட்டம் அது? அலமாரி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். வெடித்தது. உறைந்தது. இன்னொன்றில் ஒரே ஒருத்தன் மிச்சம் — அவனும் இருமுகிறான்.

மார்ச் 8
இல்லை. இன்றும் அப்படி ஒரு கதை அகப்படவில்லை. தரையில் உட்கார்ந்து முட்டி வலி. நாளைக்கும் போவேன், யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்.

மார்ச் 10
கிடைத்துவிட்டது! கடைசிப் பக்கத்தில் வேற்றுக் கிரகத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது. யார் மேலே ஏறி அடைப்பது என்று இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். சண்டை போட ஆள் இருக்கிறதே, அது போதாதா? முதல் பக்கத்துக்கு ஓடினேன். நாற்று வளர்க்கிற ஒரு துருப்பிடித்த மெஷின், அதற்கு எல்லார் பெயரும் மறந்து போகும்.

"இதுல ஒண்ணுமே நடக்கலையேம்மா" என்றார் நூலகர்.

"அப்படி ஒண்ணும் நடக்காம இருக்கணும்னுதான் நாங்க எல்லாம் காத்துக் கெடக்கோம் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்.

மார்ச் 11
எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டாளோ இல்லையோ, நான் நிறுத்தவில்லை.

மார்ச் 12
இன்றும் சுவர்தான். இன்றும் வாசித்தேன்.

மார்ச் 15
மெஷின் நாற்றுக்குத் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டுத் திட்டு வாங்குகிற இடம். எனக்குச் சொல்லித்தரவா வேண்டும், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினேன். நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து நின்றார். புத்தகத்தை மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"திட்டுற இடத்த மறுபடி படி பெரியம்மா. சத்தமா. உள்ள உருண்டு உருண்டு கேக்குது."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் தங்கச்சியைப் பார்த்தேன். குழந்தையைப் பற்றி அவளாக எடுத்த முதல் பேச்சு.

"இந்தப் பக்கம் முடியட்டும்மா" என்றேன் நர்ஸிடம்.

"பெரிய பக்கமா?"

"ரொம்பப் பெருசு."

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.