கேக்குக்குள் ஒரு வெள்ளை நூல்

அக்டோபர் 3, வெள்ளி

முழங்கால் வைத்தியரிடம் போன என் வீட்டுக்காரர் மோஸை, எங்கள் சபையைச் சேராத, வாடகைக்குக் கார் ஓட்டும் பையன் டென்னி கொண்டுவந்து விட்டான். அவரோடு ஒரு சாக்லேட் கேக்கும் இறங்கியது. யார் கொடுத்தது என்று கேட்டால் சிரிக்கிறான். மாவுக் கையோடு இருந்தேன், படியில் வைத்துவிட்டுப் போ என்றேன்.

“முடியாது பாட்டிம்மா. என் கையிலேருந்து உங்க கைக்குத்தான் தரணுமாம். கண்டிப்பா சொல்லி அனுப்பியிருக்காங்க.”

இதென்ன வேடிக்கை? கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

ஒரு துண்டு சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று. என் கேக்கைவிட நன்றாக இருக்கிறது. இங்கே எழுதினால் பரவாயில்லை, யாரும் பார்க்கப்போவதில்லை.

அக்டோபர் 4, சனி

எங்கள் சபையில் பெருமை கூடாது. இருந்தாலும் யார் வீட்டில் ஊர்கூடிக் கொட்டகை எழுப்பினாலும் முதலில் காலியாகும் தட்டு என்னுடையதுதான். அது நான் செய்யும் பெருமை இல்லை, தட்டு செய்வது. புளித்த பால், பன்றிக் கொழுப்பு, கைநிறையக் கோகோ, கடைசியில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி. வேறென்ன வேண்டும்? ஆனால் இந்தக் கேக் இன்றும் மழையில் நனைந்த மண் மாதிரி ஈரமாக இருக்கிறது. உள்ளே என்னதான் போட்டார்கள்?

மகன் குடும்பம் இருக்கும் பெரிய வீட்டிலிருந்து மருமகள் எர்மா வந்து தின்றுபார்த்தாள்.

“கடையில விக்கிற மாவா இருக்கும் அத்தை.”

“கடை மாவுல இந்த ஈரம் வராதுடி.”

“அப்போ, உங்களோடதைவிட நல்லாயிருக்குன்னு சொல்றீங்க?”

கோழிகளுக்குத் தீனி வைக்கவேண்டியிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

அக்டோபர் 8, புதன்

அந்த ஈரம் உருளைக்கிழங்காக இருக்குமோ என்று மசித்துப் போட்டு ஒரு கேக் சுட்டேன். கல் மாதிரி கனம்.

“நல்லாத்தான் இருக்கு வெர்னா. மேல கொஞ்சம் கறிக்குழம்பு ஊத்திக்கலாமா?” என்கிறார் மோஸ்.

அக்டோபர் 10, வெள்ளி

பீட்ரூட். நிறம் அருமை. வாசம் தோட்டத்து மண்.

அக்டோபர் 14, செவ்வாய்

எர்மா தன் சமையல் புத்தகத்தைப் புரட்டி ஆப்பிள் கூழ் என்றாள். அதுவும் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாக்கு பள்ளிக்கூடத்தை விடவில்லையே, ஏன் பிடிபடமாட்டேன் என்கிறது?

அக்டோபர் 17, வெள்ளி

மறுபடி கேக். மறுபடியும் கையிலிருந்து கைக்கு.

“யாருடா அது?”

“சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் பாட்டிம்மா.”

“சத்தியமே பண்ணக் கூடாதுப்பா.”

“அது உங்க ஆளுங்களுக்கு. நான் தப்பிச்சேன்.” காரைக் கிளப்பிவிட்டான்.

மாலையில் மோஸின் பல்லிடுக்கில் ஏதோ சிக்கியது. தேங்காய் என்றார். தேங்காயா? ஒரு துண்டை எடுத்து வெந்நீரில் கரைத்துப் பார்த்தேன். அடியில் மெல்லிய நூல்கள், வெள்ளையாக. ஒன்றைக் கடித்தேன். லேசான புளிப்பு.

கோஸ்! நிலவறையில் ஜாடி ஜாடியாகப் புளிக்கவைத்திருக்கிறேனே, அதே முட்டைக்கோஸ். கேக்கில் போய்க் கோஸா! வாய்விட்டுச் சிரித்தேன்.

மோஸ் சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“கோஸ் திங்கமாட்டேன்னு தட்டு முன்னால அழுதுக்கிட்டு உக்காந்திருப்பாளே. அழாத, உங்கம்மாகிட்டச் சொல்லி கேக்குல போட்டுத் தரச் சொல்றேன்னு நான்தானே சொல்லுவேன்.”

ஐவா.

அக்டோபர் 18, சனி

எங்கள் கடைக்குட்டி. ஞானஸ்நானம் எடுத்தபின் சபையை விட்டுப் போனவள், அதனால் விலக்கு. அவளோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது.

கையிலிருந்து! அதற்குத்தானா டென்னி கை? எனக்குக் குற்றம் வந்துவிடக் கூடாது என்றா? அடி கழுதை, எல்லாத்தையும் உதறிட்டுப் போனவளுக்கு இது மட்டும் எதுக்குடி?

போன புதிதில் ஒரு முறை வந்தாள். முறைப்படி அடுப்போரம் தனி மேசை போட்டிருந்தோம். எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு பாதி சாப்பிட்டாள், எழுந்து போனாள். அப்புறம் வரவில்லை. கூப்பிட்டால் வருவாளா? பக்கத்தில் உட்காரவைத்தால் விலக்கு எனக்கும் வரும். மூலையில் உட்காரவைத்தால் அவள் வரமாட்டாள்.

அக்டோபர் 22, புதன்

கோஸை அலசாமல் போட்டேன். மோஸ் முகம் போன போக்கு!

அக்டோபர் 23, வியாழன்

மூன்று தண்ணீரில் அலசி, துணியில் முறுக்கிப் பிழிந்து, பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். வந்துவிட்டது. அதே ஈரம். புளிப்பு மட்டும் இல்லை. ஆக, அவளுடையதைவிட ஒரு படி மேல். உண்மையைத்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

டென்னியிடம் கேக்கைக் கொடுத்தேன். யாருக்கு என்று கேட்டான்.

“நடிக்காதடா. கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லு. அவ கோஸைப் பிழியறது பத்தல. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வந்தா காட்டறேன்னு சொல்லு.”

“சாப்பாட்டுக்கா பாட்டிம்மா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

“கேக்கை வாங்கிக்கிட்டாங்க. ‘எந்த மேசை?’ன்னு மட்டும் கேட்டாங்க பாட்டிம்மா.”

எந்த மேசை. எந்த மேசை.

அக்டோபர் 29, புதன்

பெரிய வீட்டில் எர்மாவோடு சாப்பிடும்போது மோஸ் திடீரென்று சொன்னார்: “ஒரே மேசை கூடாதுன்னுதான் இருக்கு. ரெண்டு மேசைக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும்னு எவனும் சொல்லலியே.”

நான் எர்மாவைப் பார்த்தேன். “என் மேசையை எடுத்துக்குங்க அத்தை. காலு கொஞ்சம் உயரமா இருக்கும்” என்றாள்.

அக்டோபர் 31, வெள்ளி

மோஸ் காலை முதல் இழைப்புளியோடு எர்மாவின் மேசைக்காலைச் சீவிக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலியைக் காணோம்.

நவம்பர் 1, சனி

இரண்டு மேசை. நடுவில் ஒரு விரல் இடைவெளி. மேலே ஒரே விரிப்பு.

ஐவா கதவருகில் நின்றாள். முடியைக் கத்தரித்திருக்கிறாள். இளைத்திருக்கிறாளா? கேட்கவில்லை. வந்து விரிப்பைத் தடவினாள். நடுவில் விரல் பள்ளத்தில் இறங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அளவெடுத்தாம்மா வெச்ச?”

“உங்கப்பாவைக் கேளு.”

அவள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். எதிரெதிரே. தலைகுனிந்து ஜெபம் செய்தோம். நான் எழுந்தபோதும் மோஸ் நிமிரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கொண்டுவந்த கேக்கை வெட்டினாள். என்னிடம் நீட்டவில்லை. தட்டை நடுவில், பள்ளத்துக்கு மேலேயே வைத்தாள். எடுத்துக்கொண்டேன்.

“இப்பப் பிழிஞ்சது பத்துதா?”

“பரவாயில்ல. இன்னும் கொஞ்சம்.”

“உனக்கு எப்பதான் பத்தியிருக்கு!” என்று சிரித்தாள். இரண்டாவது துண்டும் எடுத்தேன்.

தட்டு எந்த மேசையில் இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.