ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும்

ஜெலுத்தோங், பினாங்கு
18 பிப்ரவரி 2025

அன்புள்ள காமினிக்கு,

அத்தான் எழுதுகிறேன். சிரம்பானிலிருந்து நீ அனுப்பிய சூப் மெஷின் உடையாமல் வந்து சேர்ந்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். மாக் மண்டின் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் மெஷினோடு நின்று நின்று என் காது போனது உனக்குத் தெரிந்ததுதான். இப்போதெல்லாம் போனைக் காதில் வைத்தால் தேனீ பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அந்தச் சின்ன எழுத்துகளைத் தட்டவும் விரல் வளைய மாட்டேன் என்கிறது.

உன் அக்காவைத் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பக்கவாதத்தில் விழுந்த வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை. வாய் ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கிறது. பேச்சு என்றால் ‘ஆ’ ஒன்றுதான். தண்ணீரைக்கூடத் தண்ணீராகக் கொடுக்கக்கூடாதாம். மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார்கள். அதனால்தான் உன் மெஷின் வந்தது பெரிய உதவி. காயை நறுக்கிப் போட்டு மூடினால் தானே வேகவைத்துத் தானே அரைத்துவிடுகிறது. அரைக்கிற சத்தம் எனக்குக் கேட்காது. மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். அதிர்வு நின்றால் சூப் தயார்.

முதல் நாள் பரங்கிக்காயும் கேரட்டும் போட்டேன். வழவழவென்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஊட்ட உட்கார்ந்ததும் பாதி அவள் நைட்டியில்தான் விழுந்தது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண், நூர் ஃபாத்திஹா என்று பெயர், வீட்டுக்கு அனுப்பும் முன் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். “ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் ‘ஆ’ சொல்ல வைங்க அங்கிள். குரல்ல களகளன்னு தண்ணி சத்தம் கேட்டா உடனே நிறுத்திடுங்க. அதுதான் ஆபத்துக்கு அடையாளம்.” வாயசைவைப் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டேன். தலையை ஆட்டினேன். எனக்குக் கேட்காது என்று மட்டும் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள். மூக்கில் குழாய் போட்டு வார்டிலேயே வைத்திருப்பார்கள். வார்டில் இருந்தபோது ஒரு தடவை அவள் அந்தக் குழாயைப் பிடுங்கிப் போட்டாள், அதற்காக நல்ல கையைக் கட்டிலில் கட்டி வைத்தார்கள். அவள் பார்த்த பார்வை எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் தலையை ஆட்டிவிட்டு அழைத்து வந்தேன்.

ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் அவள் ‘ஆ’ என்கிறாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கரண்டி அவளைக் கொல்லப் போகிறதென்று எனக்குத் தெரியாது, காமினி.

இன்னொன்று. கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் சாப்பிட்டேன். அவளுக்கு என்ன காய் பிடிக்கும் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குப் பிடித்ததைத்தான் சமைத்திருக்கிறாள். உனக்குத் தெரிந்தால் எழுது.

அன்புடன்,
சுப்பையா

—

சிரம்பான்
1 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துத்தான் பிரித்தேன். படித்ததிலிருந்து கவுண்டரில் உட்கார முடியவில்லை. பல் பிடுங்க வந்த ஒரு கிழவர், “என்னம்மா, வலி எனக்கா உனக்கா?” என்று கேட்டுவிட்டார்.

அத்தான், அந்த நூர் ஃபாத்திஹாவிடம் உடனே போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும். காது கேட்கிற ஆள் யாராவது ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டாமா? எதிர்வீட்டு நோர்மாவைக் கேட்டுப் பாருங்கள். நான் வர வேண்டும், தெரியும். கிளினிக்கில் ஆள் இல்லை, லீவு கிடைக்க மாட்டேன் என்கிறது.

அக்காவுக்குச் சோளம் பிடிக்கும். அம்மா போன பிறகு அக்காதானே என்னை வளர்த்தாள். பசாருக்குப் போனால் ஒரே ஒரு அவித்த சோளம் வாங்குவாள். பெரிய துண்டு எனக்கு, முனை அவளுக்கு. அந்த முனையைக் கடித்துக் கடித்து, தக்கையில் ஒன்றும் மிச்சம் இல்லாமல் சாப்பிடுவாள். உங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்று பிறகு அவள் வாங்கவே இல்லை போலிருக்கிறது. பரங்கியோடு கொஞ்சம் சோளம் சேர்த்து அரைத்துக் கொடுங்கள். வாசனை வந்தாலே வாயைத் திறப்பாள்.

பயப்படாதீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது.

உங்கள்,
காமினி

—

ஜெலுத்தோங்
21 மார்ச் 2025

அன்புள்ள காமினிக்கு,

முதலில் இதைப் படித்துக்கொள். அக்கா உயிரோடு இருக்கிறாள். வீட்டில்தான் இருக்கிறாள்.

போன வாரம் நீ சொன்னபடி சோளம் வாங்கினேன். மணிகளை உதிர்த்துப் பரங்கியோடு மெஷினில் போட்டேன். வாசனை எழுந்ததும் அவள் தலையைத் திருப்பி அடுப்படியைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தபின் அப்படி அவள் எதையும் தேடிப் பார்த்ததில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். சீக்கிரம் ஊட்ட வேண்டும் என்ற அவசரத்தில் வடிகட்டவில்லை. எவ்வளவு அரைத்தாலும் சோளத்தின் தோல் அரையாது என்பது எனக்குத் தெரியாது. பார்க்க வழவழப்பாகத்தான் இருந்தது.

நாலைந்து கரண்டி நன்றாக இறங்கியது. வாய் துடைக்கத் துணி எடுக்க அடுப்படிக்குப் போனேன். துணி கொடியில் ஈரமாக இருந்தது. பிழிந்தேன், உதறினேன், வேறு துணி இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்தேன். எனக்குப் பின்னால் அவள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கிறாள். இடது கையால் மேசையில் அடித்திருக்கிறாள், கிண்ணத்தைத் தள்ளிக் கீழே போட்டிருக்கிறாள். கிண்ணம் உடைந்திருக்கிறது, காமினி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் துணி தேடிக்கொண்டிருந்தேன்.

யாரோ என்னை இடித்துக்கொண்டு ஓடினார்கள். திரும்பினால் நோர்மா. நோன்பு மாதம், வீட்டில்தான் இருந்திருக்கிறாள். கம்பிக்கதவு பூட்டாமல் இருந்தது நம் அதிர்ஷ்டம். அக்காவின் முகம் நீலமாகிவிட்டிருந்தது. கண் வெளியே வந்துவிடும்போல இருந்தது. நோர்மா அவளை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியாகத் தட்டியபோது வாயிலிருந்து என்னவோ வெளியே வந்து விழுந்தது. அக்கா மூச்சை இழுத்ததை மார்பு ஏறியதில் பார்த்தேன்.

நோர்மா என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். பிறகு மலாயில் மாமா என்று கூப்பிட்டு மெதுவாக, வாய் தெரியும்படி கேட்டாள். “பாக்சிக், நான் எவ்வளவு நேரமா வெளிய நின்னு கூப்பிட்டேன் தெரியுமா? உங்களுக்கு ஒண்ணுமே கேட்கலையா?”

மருத்துவமனையில் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். நான் அங்கேயும் எதுவும் சொல்லவில்லை.

சோளம் சொன்னது நீ என்று மனதில் வைத்துக்கொள்ளாதே. வடிகட்டாதது நான்.

இப்போது மெஷினைத் தொடவே கை கூசுகிறது.

சுப்பையா

—

சிரம்பான்
4 ஏப்ரல் 2025

அத்தான்,

சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை. என் அக்காவை நீங்கள் கொன்றுவிடுவீர்கள். வேண்டுமென்று இல்லை. அன்பாக, கரண்டி கரண்டியாக.

இங்கே சிரம்பானில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்திருக்கிறேன். சுத்தமாக இருக்கிறது. நர்ஸ் இருக்கிறார்கள். குழாய் வழியாக ஆகாரம் கொடுப்பார்கள், மூச்சுத் திணறும் என்ற பயம் இல்லை. 19ஆம் தேதி சனிக்கிழமை காலை வேன் வரும். அக்காவின் துணிமணிகளை எடுத்து வையுங்கள். மறுக்காதீர்கள். மறுத்தால் உங்களோடு எனக்கு இனிமேல் பேச்சில்லை.

காமினி

—

ஜெலுத்தோங்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள காமினிக்கு,

உன் கடிதம் வந்தது. கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னால், படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனி அந்தக் கரண்டியை நான் தூக்க வேண்டியதில்லை, யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. உடனே பையை எடுத்து அவள் புடவை, நைட்டி, சீப்பு எல்லாம் அடுக்க ஆரம்பித்தேன்.

அவள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “காமினி இருக்கிற ஊருக்குத்தான்லா போறோம். அங்க நர்ஸ் இருக்காங்க. குழாயில…” என்றேன். குழாய் என்று சொன்னதும் அவள் முகம் மாறிய விதத்தை என்னால் எழுத முடியாது. இடது கையை நீட்டிப் பையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு கையாலேயே சீப்பை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பிறகு நைட்டியை. பிறகு புடவையை. நான் திரும்பப் பைக்குள் வைக்கவில்லை.

மறுநாள் அக்காவையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். நோர்மாவும் கூட வந்தாள். நூர் ஃபாத்திஹாவிடம் சொன்னேன். “எனக்குக் காது கேட்காதும்மா. முதல் நாளே சொல்லியிருக்கணும். பயத்துல சொல்லல.” திட்டுவாள் என்று தலை குனிந்திருந்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து அக்காவின் தொண்டையில் இரண்டு விரலை வைத்தாள். கெட்டியாக்கிய தண்ணீரை ஒரு கரண்டி கொடுத்தாள். தொண்டை எலும்பு மேலே ஏறி இறங்கியது விரலில் தெரிந்தது. ‘ஆ’ சொல்ல வைத்தாள். அதிர்வு தெரிந்தது. “தொண்டையில தண்ணி தங்கி நின்னா இந்த அதிர்வு பிசிறடிக்கும் அங்கிள். கண் கலங்குதா, நிறம் மாறுதான்னு பாருங்க. ஆனா விரல மட்டும் நம்பாதீங்க. கேட்கிற ஆள் ஒருத்தர் பக்கத்துல கண்டிப்பா இருக்கணும்” என்றாள். நோர்மா முடிந்தபோதெல்லாம் வருகிறாள். அவளுக்கும் பிள்ளைகள், வேலை எல்லாம் இருக்கிறது.

ஹரி ராயாவுக்கு முன்பே மறுபடி மெஷினை எடுத்துவிட்டேன். பரங்கி, உருளைக்கிழங்கு, தோல் சீவிய பீர்க்கங்காய். அரைத்ததும் இரண்டு முறை வடிகட்டுகிறேன். பயம் போகவில்லை. ஊட்டி முடித்ததும் சட்டை வேர்வையில் நனைந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹரி ராயா பெருநாளுக்கு மறுநாள் காலை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று கதவைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். அழுதாள். கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். மறுபடி தலையில் ரத்தம் கட்டிவிட்டதோ என்று நான் பயந்துவிட்டேன். கதவைத் திறந்து பார்த்தேன், யாரும் இல்லை. அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. இப்படிப் பிரமை பிடிக்குமா என்று யாரிடமாவது கேட்டுச் சொல்.

வேன் வேண்டாம், காமினி. அவள் வேண்டாம் என்கிறாள்.

சுப்பையா

—

சிரம்பான்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்குப் பிரமை இல்லை. அன்று வந்தது நான்.

ராயா விடுமுறையில் பஸ் ஏறி வந்தேன். உங்கள் மாடிப்படி ஏறும்போதே மெஷின் அரைக்கிற சத்தம் வராந்தாவில் கேட்டது. கதவைத் தட்டினேன். உங்களுக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் தட்டினேன், அத்தான். கம்பிக்குள் கையை விட்டுத் தள்ளியிருக்கலாம். நோர்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். கையில் போன் இருந்தது. சும்மா, எப்போதும் நான் தட்டுகிறபடி இரண்டு முறை தட்டினேன். யாரும் திறக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று.

மெஷின் நின்றது. உள்ளேயிருந்து ‘ஆ’ என்று குரல் வந்தது. மறுபடியும் வந்தது. அது அக்கா என்று எனக்குத் தெரியும். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்றும் தெரியும். படியிறங்கி ஓடிவிட்டேன். பஸ் ஸ்டேஷன் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதியது பொய். ஜனவரியில் வார்டில் அவள் முகத்தைப் பார்த்த நாளிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். நாள் முழுவதும் திறந்த வாய்களுக்கு நடுவில் வேலை செய்கிறேன். என் அக்காவின் வாயைப் பார்க்க முடியவில்லை. எனக்கு ஊட்டியவளுக்கு நான் ஊட்ட வேண்டும் என்றால், ஊட்டும்போதே அவள் உயிர் போய்விட்டால்? அதனால்தான் மெஷினை அனுப்பினேன். சோளம் என்று எழுதி அனுப்பினேன். அதுவும் அவள் தொண்டையில் போய் நின்றது. அந்தப் பழியை உங்கள் தலையில் போட்டு வேனையும் அனுப்பப் பார்த்தேன்.

வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி என்னை வரச் சொல்லாவிட்டாலும் சரிதான். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

காமினி

—

ஜெலுத்தோங்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள காமினிக்கு,

கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. மறைக்கவில்லை. அன்று அவள் அழுத அழுகையை நான்தானே பார்த்தேன். தண்ணீர்மலை வரை நடந்து போய்விட்டு வந்தேன். மலைமேல் முருகன் கோயிலுக்குள் போகவில்லை. அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நூர் ஃபாத்திஹாவின் முன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்த ஆள் உன்னைக் கோபித்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன்.

சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லிவிட்டேன். முழுக் கடிதத்தையும் அவளுக்கு வாசித்தேன். அன்று கதவுக்கு வெளியே நின்றது யார் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, காமினி. நான்தான் புரியாமல் இருந்தேன். கேட்டு முடித்ததும் அவள் அழவில்லை. என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

“வரச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

‘ஆ’ என்றாள். விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. பிசிறில்லை, தண்ணீர் இல்லை. இவ்வளவு தெளிவாக அவள் எதையும் சொல்லி நான் உணர்ந்ததில்லை.

எப்போது முடியுமோ வா. பயம் போன பிறகு வரலாம் என்று காத்திருக்காதே, அது போகாது. நானும் தினம் பயந்துகொண்டேதான் மெஷினில் காயைப் போடுகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். நான் ஊட்டுகிறேன். முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே கேள். இந்த வீட்டில் இல்லாதது ஒரு ஜோடிக் காதுதான்.

பகலில் கம்பிக்கதவைப் பூட்டுவதில்லை. தட்டாதே. தள்ளிக்கொண்டு உள்ளே வா.

அன்புடன்,
அத்தான் சுப்பையா